அப்பாவின் இருமலும் ஒரு பிரேசில் பாம்பும்

கொஞ்ச நாளாவே இந்தப் பக்கம் வரமுடியலை. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதோட அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இப்ப நல்லா இருக்கார், கவலைப்படாதீங்க. அவர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போனதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ, காபி ஏதாவது எடுத்துக்கிட்டு உட்காருங்க.

அப்பாவுக்கு எழுபத்தோரு வயசு. பத்து வருஷமா பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தவர், ஒரு தீபாவளிக்கு அப்புறம் யார்கிட்டயும் சொல்லாம தானாவே நிறுத்திட்டார். "தலை சுத்தலை, மயக்கம் இல்லை, தினம் ரெண்டு மைல் நடக்கறேன். எனக்கு எதுக்குடா மாத்திரை?" என்பது அவர் வாதம். எட்டு மாசம் கழிச்சு கால் லேசா வீங்கினப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா பிரஷர் 190/110. உடனே ரத்தமும் சிறுநீரும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் அப்பா ஆரம்பிச்சுட்டார். "பிரஷர்ங்கறது ஹார்ட் சமாச்சாரம். அதுக்கு எதுக்குடா மூத்திரத்தை டெஸ்ட் பண்றாங்க? எல்லாம் காசு புடுங்கற வேலை."

எனக்குப் பதில் தெரியலை. ரிப்போர்ட் வந்தப்போ கிரியேட்டினின் 1.9. கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னார். எனலாப்ரில்னு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த மூணு வாரத்துல அப்பாவுக்கு வறட்டு இருமல். சுக்கு காபி, துளசி, தேன், பக்கத்துத் தெரு கிளினிக்ல ஆன்டிபயாட்டிக், எக்ஸ்ரே எல்லாம் ஆச்சு. ராத்திரி முழுக்க இருமல். கடைசியில பழைய டாக்டர்கிட்டயே போனோம். மாத்திரைப் பேரைப் பார்த்துட்டுச் சிரிச்சார். "இது மாத்திரையோட வேலை. பாம்பு விஷத்துல இருந்து பிறந்த குடும்பம் ஐயா அது, சிலருக்கு இப்படி இருமும்" என்று சொல்லி வேற மாத்திரை கொடுத்தார். ரெண்டு வாரத்துல இருமல் போயே போச்சு.

பிரஷருக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்? பாம்பு எங்கேருந்து வந்தது? தேடித் தேடிப் படிச்சேன். நான் படிச்சது பி.காம்., அதனால டாக்டர் பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா, தப்பு இருந்தால் பின்னூட்டத்துல தாராளமா குட்டுங்க.

ஸ்பூனும் மெழுகுவர்த்தியும்

கதை லண்டன்ல ஆரம்பிக்குது. கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்று ஒரு டாக்டர். உடம்பு வீங்கி வர்ற நோயாளிகளோட சிறுநீரை ஒரு ஸ்பூன்ல எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறைஞ்சா, சிறுநீர்ல புரதம் போகுதுன்னு அர்த்தம். 1827-ல் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். அப்படிப்பட்டவர்கள் இறந்தபிறகு அறுத்துப் பார்த்தால் கிட்னி சுருங்கியோ கெட்டுப்போயோ இருக்கும். 1836-ல் அவர் இன்னொரு விஷயமும் எழுதினார். கிட்னி கெட்ட பலருக்கு, வால்வில் ஒரு கோளாறும் இல்லாமலே இதயம் பெரிசாகியிருக்கு. கெட்டுப்போன ரத்தம் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களை ஏதோ செய்து, இதயத்தை அதிகமா உழைக்க வைக்குதோ என்று யோசித்தார்.

இத்தனைக்கும் அவர் காலத்தில் பிரஷர் பார்க்கிற கருவியே கிடையாது. கையில பட்டை சுத்திக் காத்தடிக்கிற கருவியை இத்தாலியில ரிவா-ரோச்சி அறிமுகப்படுத்தியது 1896-ல்தான்.

ஸ்டாக்ஹோம் முயல்கள்

அதே சமயத்தில் ஸ்வீடனில் கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட்டில் உடலியல் பேராசிரியராக இருந்தவர் ராபர்ட் டைகர்ஸ்டெட். பின்லாந்துக்காரர். பெர் பெர்க்மன் என்ற மாணவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு 1896-97-ல் ஒரு வேலை செய்தார். முயலோட கிட்னியை அரைத்து, சாறு எடுத்து, இன்னொரு முயலோட ரத்தக்குழாயில் செலுத்தினார். பிரஷர் ஏறியது.

மனுஷன் அதோடு விடவில்லை. கிட்னியின் வெளிப்பகுதியையும் உள்பகுதியையும் தனித்தனியாக அரைத்துப் பார்த்தார். வெளிப்பகுதிச் சாறுதான் வேலை செய்தது. கொதிக்க வைத்தால் சக்தி போய்விட்டது. கிட்னியிலிருந்து வெளியேறும் ரத்தத்தை எடுத்து, கிட்னி நீக்கப்பட்ட முயலுக்குக் கொடுத்தாலும் பிரஷர் ஏறியது. ஆக, கிட்னி ஏதோ ஒன்றைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. அதற்கு 'ரெனின்' என்று பெயர் வைத்து 1898-ல் கட்டுரை வெளியிட்டார். கிட்னி நோயாளிக்கு இதயம் பெரிசாவதற்கு இது காரணமாக இருக்கலாம் என்றும் கோடி காட்டினார்.

கிட்னி கழிவை வெளியேத்தற சாக்கடை மட்டும் இல்லை, அதுவும் ஒரு சுரப்பின்னு சொன்ன கட்டுரை அது. என்ன ஆகியிருக்கணும்? உலகமே கொண்டாடியிருக்கணும்.

ஒண்ணும் ஆகலை.

டைகர்ஸ்டெட் ஹெல்சிங்கிக்கு மாறிப் போனார். பெர்க்மனும் இதைத் தொடரவில்லை. வேறு சிலர் செய்து பார்த்தார்கள், சரியாக வரவில்லை. சாறு எடுக்கிற பக்குவம் அவர்களுக்குக் கைகூடவில்லை. 1923-ல் டைகர்ஸ்டெட் இறந்தபோது ரெனின் கிட்டத்தட்ட மறந்துபோன சொல்.

பேரிலேயே தப்பு

இது ஏன் மறந்துபோச்சுங்கறதுதான் எனக்கு ரொம்ப உறுத்தின இடம். முயல் பரிசோதனையில் வந்த சிக்கல் ஒரு காரணம். இன்னொன்று, அந்தக் காலத்து டாக்டர்கள் பலர் உயர் ரத்த அழுத்தத்தை நோயாகவே நினைக்கவில்லை. வயசாக ஆக ரத்தக்குழாய் குறுகிப்போகுது, அதுல ரத்தத்தைத் தள்ளணும்னா கூடுதல் அழுத்தம் அவசியம், அது உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு, அதில் கை வைக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஆங்கிலத்தில் இன்றைக்கும் சாதாரண பிரஷருக்கு 'எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்' என்று பெயர். அதில் இருக்கிற 'எசென்ஷியல்' இந்த நம்பிக்கைக்கு ரொம்ப வசதியாப் போச்சு.

1931-ல் லிவர்பூல் பேராசிரியர் ஜான் ஹே, பிரஷர்காரருக்குப் பெரிய ஆபத்தே அது கண்டுபிடிக்கப்படுவதுதான், ஏன்னா உடனே எவனாவது ஒரு முட்டாள் அதைக் குறைக்கக் கிளம்பிடுவான் என்கிற அர்த்தத்தில் எழுதினார். எங்கப்பா தன்னையறியாம இந்தக் கட்சிதான் போல :-)

நாயும் வெள்ளிக் கிளாம்ப்பும்

1934-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற நோயியல் நிபுணர் இந்த நம்பிக்கையைத் தலைகீழாகப் புரட்டினார். பிரஷர் இருந்து இறந்தவர்களின் கிட்னிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சின்ன ரத்தக்குழாய்கள் குறுகியிருக்கும். பிரஷரால் குழாய் குறுகியது என்று எல்லாரும் சொன்னார்கள். ஏன் குழாய் குறுகியதால் பிரஷர் வந்திருக்கக் கூடாது என்று இவர் கேட்டார்.

கேட்டதோடு நிற்காமல் வெள்ளியில் ஒரு சின்ன கிளாம்ப் செய்தார். நாயின் கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயில் அதை மாட்டி, முழுக்க அடைக்காமல், திருகிக் கொஞ்சமாக நெருக்கினார். குழாய்த்தண்ணியை லேசா மூடற மாதிரி. நாய்க்குப் பிரஷர் ஏறியது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, நிரந்தரமாக ஏறியது. நோயில்லாத உயிருக்கு, கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்தே பிரஷரை வரவழைக்கலாம் என்று நிரூபித்துவிட்டார்.

அதுக்கப்புறம்தான் எல்லாரும் பழைய பேப்பரைத் தூசி தட்டினார்கள். 1938-ல் லண்டனில் பிக்கரிங்கும் பிரின்ஸ்மெட்டலும் டைகர்ஸ்டெட் செய்ததைத் திரும்பச் செய்து, ரெனின் நிஜம்தான் என்று உறுதிப்படுத்தினார்கள். நடுவில் 40 வருஷம் போயிருந்தது.

ரெண்டு ஊர், ஒரே பொருள், ரெண்டு பேர்

இப்போ காட்சி அர்ஜென்டினாவுக்கு மாறுது. புவனஸ் அயர்ஸில் பெர்னார்டோ ஹுசே (1947-ல் நோபல் பரிசு வாங்கியவர்) நடத்திய உடலியல் கழகம். அங்கே பசியோலோ என்ற இளைஞர், கோல்ட்பிளாட் முறையில் நெருக்கப்பட்ட கிட்னி ஒன்றை எடுத்து இன்னொரு நாயின் கழுத்து ரத்தக்குழாயோடு இணைத்தார். அந்த நாய்க்கும் பிரஷர் ஏறியது. கிட்னி எங்கே இருந்தாலும் சரி, அதிலிருந்து வரும் சரக்குதான் வேலை செய்கிறது.

பிரவுன்-மெனெண்டெஸ், லெலுவார் (இவருக்கு 1970-ல் வேறு வேலைக்காக நோபல்) எல்லாரும் சேர்ந்து மேலே தோண்டினார்கள். ஒரு ஆச்சரியம் கிடைத்தது. ரெனின் தானாகப் பிரஷரை ஏற்றுவதில்லை. அது ஒரு கத்திரிக்கோல், அதாவது என்சைம். ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தை வெட்டுகிறது. வெட்டி விழும் துண்டுதான் ரத்தக்குழாயை இறுக்குகிறது. துண்டுக்கு 'ஹைப்பர்டென்சின்' என்று பெயர் வைத்தார்கள்.

அதே சமயம், 1939-40 வாக்கில், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் இர்வின் பேஜ் குழு தனியாக இதையே கண்டுபிடித்து 'ஆஞ்சியோடோனின்' என்று பெயர் வைத்தது. ஏறக்குறைய 18 வருஷம் ரெண்டு பேரும் புழக்கத்தில் இருந்தன. அந்த ஊர்ப் பேப்பரில் ஒன்று, இந்த ஊர்ப் பேப்பரில் இன்னொன்று. நம்ம பதிவர் சண்டைகள்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி.

1958-ல் பிரவுன்-மெனெண்டெஸும் பேஜும் சேர்ந்து ஒரு கடிதம் வெளியிட்டார்கள். அவர் பெயரில் பாதி, இவர் பெயரில் பாதி: 'ஆஞ்சியோடென்சின்'. இன்றைக்கும் அதுதான் பெயர். அடுத்த வருஷம், 1959 ஜனவரியில், பிரவுன்-மெனெண்டெஸ் விமான விபத்தில் இறந்துபோனார். கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் அந்தப் பேரே வந்திருக்காதோ என்று படிக்கும்போது தோணுச்சு.

சரி, இது எப்படித்தான் வேலை செய்யுது?

அப்பாவுக்கு நான் விளக்கின மாதிரியே சொல்றேன்.

இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ரெண்டு கிட்னிக்கும் போகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியே வரும். வடிகட்ட அழுத்தம் வேணும். அதனால கிட்னிக்குள் நுழையும் சின்னக் குழாய்களின் சுவரிலேயே சில செல்கள் உட்கார்ந்து அழுத்தத்தைக் கவனிக்கின்றன. அழுத்தம் குறைந்தாலோ, வடிகட்டிய நீரில் உப்பு குறைந்தாலோ, நரம்பு வழியாக அவசரத் தகவல் வந்தாலோ அந்தச் செல்கள் ரெனினை விடும்.

கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விட்ட ஒரு பெரிய புரதத்தை ரெனின் வெட்டும். வருவது 10 அமினோ அமிலம் கொண்ட ஆஞ்சியோடென்சின் ஒன்று. இதனால் பெரிசா ஒண்ணும் ஆகாது. ஏ.சி.இ. என்ற இன்னொரு என்சைம் அதில் ரெண்டை நறுக்கி 8 ஆக்கும். அதுதான் ஆஞ்சியோடென்சின் இரண்டு. (இந்த ரெண்டாவது வெட்டை 1950-களின் நடுவில் கண்டுபிடித்தது, கோல்ட்பிளாட்டின் அதே கிளீவ்லேண்டில் இருந்த ஸ்கெக்ஸ் குழு. ரத்தம் முக்கியமா நுரையீரலைக் கடக்கும்போதுதான் இந்த வெட்டு நடக்குதுன்னு 1967-ல் லண்டனில் கெவின் இங், ஜான் வேன் இருவரும் காட்டினாங்க.) இந்த எட்டு அமினோ அமில ஆசாமி ரத்தக்குழாயை இறுக்குவார். தாகத்தைத் தூண்டுவார். கிட்னிக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டீரோன் சுரக்க வைப்பார். அது கிட்னியிடம் வந்து 'உப்பை வெளியே விடாதே' என்று சொல்லும். உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும். பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினதும் கிட்னி ரெனினை நிறுத்தும்.

இது நம்மைக் கொல்ல வந்த ஏற்பாடு இல்லை. ரத்தம் கொட்டும்போதும், வயிற்றுப்போக்கில் நீர் வற்றும்போதும் உயிரைப் பிடித்து வைப்பது இதுதான். அமேசான் காட்டு யானொமாமி மக்கள் உணவில் உப்பே சேர்ப்பதில்லை. அவர்களைப் பற்றி 1975-ல் வந்த ஆய்வில் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் எக்கச்சக்கமாக இருந்தன, பிரஷரோ குறைவு, வயசானாலும் ஏறவில்லை. உப்பு கிடைக்காத ஊரில் உப்பைக் காப்பாற்றுவதற்கான அமைப்பு இது. நாம அதுக்கு மேல ஊறுகாயும் அப்பளமும் போடறோம்.

பிரச்சினை என்னன்னா, கிட்னிக்குத் தன் வாசலுக்கு வர்ற அழுத்தம் மட்டும்தான் தெரியும். வர்ற குழாய் குறுகிப்போனா, உடம்பு முழுக்க ரத்தம் வத்திப்போச்சுன்னு அது நினைச்சுக்கும். கோல்ட்பிளாட்டோட நாய்க்கு நடந்தது இதுதான். எல்லாருடைய பிரஷருக்கும் இதே காரணம்னு சொல்லமுடியாது. ஆனா காரணம் எதுவா இருந்தாலும், ஏறின பிரஷர் கிட்னிக் குழாய்களைக் கெடுக்கும், கெட்ட கிட்னி பிரஷரை ஏத்தும். ஒண்ணு மாத்தி ஒண்ணு. அதனாலதான் அப்பா, சிறுநீர் டெஸ்ட்.

தெரிஞ்சும் மருந்தில்லை

இவ்வளவு தெரிந்தும் கையில் மருந்து வர ரொம்ப நாளாச்சு. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் டாக்டர் புரூன் பரிசோதித்தபோது பிரஷர் 186/108. உலகத்திலேயே செல்வாக்கான மனிதருக்கு அன்றைக்குக் கொடுக்க முடிந்தது ஓய்வு, உப்புக் குறைந்த சாப்பாடு, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ், தூங்க மாத்திரை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு. அப்போது 300/190. அன்றைக்கே இறந்தார். வயது 63. அப்போ ரெனின் கட்டுரை வந்து 47 வருஷம் ஆகியிருந்தது.

கடைசியில் மருந்துக்கு வழி காட்டியது பிரேசிலில் இருக்கும் ஜராராக்கா என்ற குழிவிரியன். 1949-ல் ரோச்சா இ சில்வா குழு அதன் விஷத்தை வைத்து, ரத்தக்குழாயைத் தளர்த்தும் பிராடிகைனின் என்ற பொருளைக் கண்டுபிடித்திருந்தது. அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரைரா, பிராடிகைனின் சிதையாமல் காக்கும் ஏதோ ஒன்றும் அதே விஷத்தில் இருப்பதாக 1965-ல் எழுதினார். அந்தச் சரக்கோடு லண்டனில் மேலே சொன்ன ஜான் வேன் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே பாக்லே என்பவர் சோதித்தபோது, விஷச்சாறு ஏ.சி.இ. கத்திரிக்கோலையும் நிறுத்தியது. பிராடிகைனினைச் சிதைப்பதும் ஆஞ்சியோடென்சினை நறுக்குவதும் ஒரே கத்திரிக்கோல்தான் என்று பிறகு தெரிந்தது.

வேன் சொல்லி ஸ்குயிப் கம்பெனி இதில் இறங்கியது. விஷத்திலிருந்து வந்த மருந்தை ஊசியில்தான் போடமுடியும், வாய்வழி கொடுத்தால் செரிமானம் ஆகிவிடும். டேவிட் குஷ்மன், மிகேல் ஒண்டெட்டி இருவரும் அந்த என்சைமின் நடுவில் இருக்கும் துத்தநாக அணுவைப் போய்ப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன மூலக்கூறை யோசித்து உருவாக்கினார்கள். 1975-ல் காப்டோப்ரில் தயாரானது. 1981-ல் அமெரிக்காவில் அனுமதி. ஒண்டெட்டி பிறந்து படித்த ஊர் எது தெரியுமா? புவனஸ் அயர்ஸ். ஹைப்பர்டென்சின் பிறந்த அதே ஊர்.

எனலாப்ரில் இதற்குத் தம்பி. ஏ.சி.இ.யை நிறுத்தினால் பிராடிகைனின் சிதையாமல் சேரும், சிலருக்குத் தொண்டையை அரித்து வறட்டு இருமல் வரும். அப்பா ராத்திரியெல்லாம் இருமினதுக்கு முக்கியமாச் சந்தேகப்படறது இதைத்தான். வெட்டை விட்டுவிட்டு, ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் இடத்தை மட்டும் அடைக்கும் லோசார்டன் 1995-ல் வந்தது. அப்பா இப்போ சாப்பிடும் டெல்மிசார்டன் அந்த வகை. ரெனினையே நேரடியாக நிறுத்தும் அலிஸ்கிரன் 2007-ல் வந்தது. டைகர்ஸ்டெட் கட்டுரையிலிருந்து கணக்குப் போட்டால் 109 வருஷம்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாகிட்ட சொன்னேன். குறுக்கே பேசாமக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி. "அந்த முயல்காரர் 1898-லயே சொல்லிட்டாரா? அப்புறம் ஏன் யாரும் கேக்கலை?"

"பிரஷர் நல்லதுன்னு நினைச்சாங்கப்பா. ஒண்ணும் பண்ணலையேன்னு விட்டுட்டாங்க."

ஒண்ணும் பேசலை. எழுந்து போய் அலமாரியில் மாத்திரை டப்பாவை எடுத்து, அன்னிக்குக் காலை மாத்திரையைப் போட்டாச்சான்னு பார்த்துட்டு வந்து உட்கார்ந்தார்.

போன மாசம் கிரியேட்டினின் 1.7. முழுசா சரியாகாது, மேலே ஏறாம இருந்தா போதும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அந்த எட்டு மாசத்தைத் திருப்பி வாங்கமுடியாது.

டிஸ்கி: இது வரலாற்றுப் பதிவுதான், வைத்தியம் இல்லை. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா மாத்தவும் செய்யாதீங்க. மாத்திரை போட ஆரம்பிச்சப்புறம் இருமல் வந்தா டாக்டர்கிட்ட மறக்காம மாத்திரைப் பேரைச் சொல்லுங்க. அப்புறம், இன்னிக்கு ராத்திரி ஊருக்குப் போன் பண்ணி, "அப்பா, மாத்திரை போட்டாச்சா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. திட்டுவார், பரவாயில்லை.